ஒரு தாளில் ஒரு மடல்

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்புறங்களிலும் அம்பூரி மலைச்சரிவுகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஒரு செய்தி மடல் வேண்டுமென்று அன்பர்கள் கேட்டு வருகின்றனர். செலவுக்கு வழி என்ன என்ற கேள்வி எழுந்தவுடன் பேச்சு நின்றுவிடுகிறது. இதில் எங்களுக்குப் பட்டறிவு உண்டு. முன்பொரு முறை முதல் இதழுக்கு வண்ண அட்டை போட்டோம். பாராட்டு வந்தது, மூன்றாம் இதழ் வரவில்லை.

பத்திரிகைத் தொழிலுக்கு இம்மண்ணில் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. 1878-இல் நெய்யாற்றின்கரையில் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி தொடங்கிய 'சுவதேசாபிமானி' இதழின் ஆசிரியராக விளங்கினார். திருவிதாங்கூர் அரசின் குறைகளை அஞ்சாது எழுதியமையால் 1910 செப்டம்பர் 26-ஆம் நாள் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அவர் நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். அச்சகம் போயிற்று, தொழிலறிவு போகவில்லை. 1912-இல், பத்திரிகை நடத்தும் முறையைப் பற்றி மலையாளத்தில் ஒரு நூலே அவர் எழுதி வெளியிட்டார். இயந்திரம் இல்லையே என்று நாம் ஏங்குவது அவர் ஊரார்க்கு அழகன்று.

சிக்கனத்திற்கும் கேரளத்திலேயே சான்று உண்டு. மலப்புறத்திலிருந்து மணம்பூர் ராஜன்பாபு 1981-இல் தொடங்கிய 'இன்னு' என்னும் மாத இதழ், ஓர் இன்லண்டு கடிதத்திற்குள் அடங்கி, தபால் வழியே வீடு தேடிச் சென்றது. அட்டையும் இல்லை, தைக்கும் செலவும் இல்லை.

நாமும் ஒரு தாளோடு தொடங்கலாம். ஏ4 தாளின் இருபுறமும் அச்சிட்டு நடுவே மடித்தால் நான்கு பக்கங்கள் கிடைக்கும். ஐந்தாம் பக்கத்திற்கு ஆசைப்பட்டால் இன்னொரு தாள் வேண்டும். மூன்று பக்கம் வெறுமையாகக் கிடக்கும். ஆப்செட் அச்சில் தகடு செய்யும் செலவு பத்துப் பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே. ஆகையால் நூறு நூற்றைம்பது வீடுகளுக்கு ஜெராக்ஸ் நகலே கட்டுப்படியாகும். கறுப்பு மை ஒன்று போதும். அழகு வேண்டுமாயின் மாதத்திற்கொரு நிறத்தாள் வாங்கலாம். நிழற்படங்கள் நகலில் கரி பூசியது போலாகிவிடும். கோட்டோவியம் தெளிவாக விழும். எழுத்தைக் கணிப்பொறியில் யூனிகோடு முறையில் கோத்துவிட்டால், அதே செய்தியை வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். எழுத்தைச் சிறிதாக்கி இடத்தை மிச்சம் பிடிப்பது மட்டும் வேண்டாம். பாட்டிமார் படிக்க முடியாத மடல் யாருக்கு?

இனி உள்ளே என்ன இருக்க வேண்டும்? கம்பெனிகள் தொழிலாளருக்காக வெளியிடும் மடல்களில் முதலாளியின் படம் முன்பக்கத்தில் இருக்கும். தொழிலாளியோ தன் தோழர் எவர் பெயராவது வந்திருக்கிறதா என்றுதான் தேடுவார். நம் மடலிலும் தலைவர் உரை நான்கு வரியில் முடியட்டும். பிறப்பு, திருமணம், தேர்வு வெற்றி, மறைவு ஆகியவை பெயர் பிழையின்றி வரவேண்டும். பெயரில் ஒரெழுத்துப் பிழை நேர்ந்தால் ஒரு வீடே மனம் கோணும். ஆகவே இருவர் படித்துப் பார்த்த பின்பே நகல் எடுக்க வேண்டும்.

அம்பூரிக்கு இன்னொன்றும் வேண்டும். 2001 நவம்பர் 9-ஆம் நாள் அங்கே மலை சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிச்சயதார்த்தத்திற்காக உறவினர் கூடியிருந்த வீடும் மண்ணுள் மறைந்தது. அத்தகைய ஊரில், மழைக்காலத்தில் யாரை அழைப்பது, எங்கே ஒதுங்குவது என்னும் ஆறு வரிகள் எந்தக் கவிதையினும் மேலானவை. அவை ஐப்பசிக்கு முன்பே வீடுதோறும் சேர்ந்திருக்க வேண்டும்.

அந்த ஆறு வரிகளை மலையாள எழுத்திலும் அச்சிடுவதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் மடலில் பிறமொழி எதற்கு என்கின்றனர் சிலர். நம் பிள்ளைகளிற் பலர் தமிழ் பேசினும் மலையாளமே வாசிக்கின்றனர். ஆபத்துக் காலத்தில் அலமாரியில் ஒட்டிய தாளைப் படிக்கப் போவது அப்பிள்ளைதான். ஆதலால் அச்சிடுவதே முறை என்பது எம் கருத்து.

வீட்டுப் பட்டியல் இன்னும் நிறைவு பெறவில்லை. மலைப்பக்கத்து வீடுகளை அறிந்த அன்பர்கள், குடும்பத் தலைவர் பெயரையும், அவ்வழியே நாள்தோறும் சென்று வருபவர் பெயரையும் அடுத்த கூட்டத்திற்குள் எழுதித் தரவேண்டுகிறோம்.