பாலைச் சோதிக்கும் சிவப்புத் தங்கம்

தங்கம் என்ன நிறம், செல்லங்களே? "மஞ்சள்!" என்பீர்கள். சரிதான். ஆனால் அதையே மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் நீர் செக்கச்செவேல் என்றிருக்கும். 1857-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் இதை ஆராய்ந்து எழுதினார். அந்தச் சிவப்பு இன்று பாலில் கலந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்கிறது!

2008-இல் சீனாவில் ஒரு கொடுமை வெளியே வந்தது. சிலர் பாலில் தண்ணீரைக் கலந்தார்கள். அப்போது புரதம் குறையுமே? அதை மறைக்க, பிளாஸ்டிக் தட்டு செய்ய உதவும் மெலமைனைச் சேர்த்தார்கள்.

அது எப்படி மறைக்கும்? அங்கே நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிட்டார்கள். மெலமைன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்! மாம்பழக் கூடையின் அடியில் கருங்கல்லை வைத்து எடை போடுவது போன்ற ஏமாற்று. புரிகிறதா?

அந்தப் பாலில் செய்த பால்மாவைக் குடித்த சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். பலருக்குச் சிறுநீரகத்தில் கல். 6 பச்சிளங்குழந்தைகள் இறந்தே போனார்கள். நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

இப்போது தங்கத்துக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். இந்தச் சோதனைக்கான தங்கத்துகளின் அகலம் சுமார் 13 நானோமீட்டர். அதன்மேல் சிட்ரேட் என்ற பூச்சு இருக்கும். அந்தப் பூச்சின் எதிர்மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே நிற்கும். விலகி நிற்கும் துகள்கள் பச்சை ஒளியை விழுங்கும். மிஞ்சும் சிவப்பு நம் கண்ணுக்கு வரும்.

மெலமைன் வந்தால்? சிட்ரேட்டை நகர்த்திவிட்டுத் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். தள்ளுவிசை போயிற்று. துகள்கள் கூட்டமாகச் சேரும். சேர்ந்ததும் அவை விழுங்கும் ஒளி மாறிவிடும். இம்முறை சிவப்புப் பக்கத்து ஒளி மாட்டிக்கொள்ளும். நீர் ஊதாவாகி, நீலமாகும். சில நிமிடங்களில், வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்! எனக்கு இதில் மிகப் பிடித்தது இதுதான்.

"பாலே வெள்ளையாயிற்றே, நிறம் எப்படித் தெரியும்?" என்று யோசித்தீர்களா? சபாஷ், கெட்டிக்காரர்கள்! முதலில் அமிலம் விட்டுப் பாலைத் திரியவைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. உப்பு அதிகமானாலும் துகள்கள் கூடிவிடும். அதனால் நீலத்தைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிட மாட்டார்கள். அந்தப் பாலை ஆய்வகத்துக்கு அனுப்பி, பெரிய கருவியில் ஒருமுறை உறுதிசெய்துகொள்வார்கள்.