கூட்டுக்குள் இருக்கும் செல்வம்

பழைய தங்கப் பாக்கெட் கடிகாரம் கிடைத்தால் நாம் முதலில் தராசைத் தேடுகிறோம். 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலரைத் தொட்டபோது, மேல்நாடுகளில் பல கடிகாரக் கூடுகள் உருக்கப்பட்டன. உள்ளிருந்த இயந்திரங்கள் அநாதையாயின.

பழைய ஆங்கிலக் கடிகாரம் ஒன்றைத் திறந்து பார்ப்போம். சாவி கொடுத்ததும் சுருள்வில் வலுவாக இழுக்கும். நேரம் செல்லச் செல்லத் தளரும். அதைச் சமன்செய்வது ஒரு கூம்பு உருளை. வில் வலுவாக இருக்கையில் சங்கிலி கூம்பின் குறுகிய முனையை இழுக்கும். தளர்கையில் அகன்ற பகுதியை இழுக்கும். சைக்கிள் சங்கிலியின் குட்டி வடிவமான இதனை, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பெண்களும் சிறுவர்களும் கையால் கோத்தனர்.

18 காரட் கூட்டில் முக்கால் பங்கு தங்கம். உருக்கினாலும் அது தங்கமாகவே மிஞ்சும். அந்தக் கைவேலை மிஞ்சாது. ஆகவே, எடை பார்க்குமுன் மூடியைத் திறப்போம்.