ஒழுகும் வெந்நீர்க்கலம்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகத் தொடங்கியபின், ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் பல தோன்றின. அங்கு வேலை செய்வோர் தங்கும் வாடகை வீடுகள் பலவற்றில், விறகடுப்பு வெந்நீர்த் தவலையின் இடத்தை மின்சார ஹீட்டர் பெற்றுள்ளது. அஃது ஒழுகத் தொடங்கினால் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தவலை வாய் திறந்தது. ஹீட்டரோ வாய் மூடியது. நீர் சூடேறுங்கால் பெருகும் என்பதைப் பௌதிக மாணாக்கர் அறிவர். 25 பாகை உஷ்ணமுள்ள 15 லிட்டர் நீரை 60 பாகைக்கு ஏற்றினால், ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் மிகும். அது வந்த வழியே திரும்பாதபடி ஒருவழி வால்வு தடுத்தால், காப்பு வால்வின் சிறு துளை வழியே சொட்டும். ஆதலின் சூடேறும்போது மட்டும் அங்குச் சொட்டுதல் பழுதன்று. சுவர் நனைகிறதென்று அத்துளையை அடைத்தல் பெருங்கேடு. வெப்பத்தை அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் அதற்குத் துணையான காப்புக் கருவியும் ஒருங்கே பழுதுறின், போக்கிடமற்ற அழுத்தத்தால் கலம் வெடித்தலும் கூடும். துளையில் ஒரு குழாயை மாட்டித் தரையை நோக்கி விடுவதே தக்கது. நீர் ஆறியபின்னும் சொட்டு நில்லாதாயின், அவ்வால்வை மாற்றுக. அதன்பின்னும் நில்லாவிடில், வரும் நீரின் அழுத்தத்தைச் சோதிப்பிக்க வேண்டும்.

பிறவிடத்து ஒழுக்கை அறியும் முறை எளிது. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. நீர் ஆறியபின், குழாயை மூடாமலே கலத்தின் புறத்தை நன்கு துடைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்க்க. மேலே கசிந்த நீர் கீழே சொட்டுமாதலின், மேலிருந்து தொடங்குவதே முறை.

குழாய் இணைப்பு நனைந்திருந்தால், நீரை மூடி வடித்து, வாஷரை மாற்றுக. அல்லது மரையின் மீது டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே சுற்றி முடுக்குக. அடிமூடிக்குள்ளிருந்து நீர் வருமாயின், சூடேற்றும் காயிலைச் சூழ்ந்த ரப்பர் வளையம் நைந்திருக்கலாம். அங்கு மின்கம்பிகள் உள்ளமையால், தேர்ந்த எலக்ட்ரீஷியனையே அழைத்தல் வேண்டும். இணைப்புகள் யாவும் உலர்ந்திருக்க, கலத்தின் உடலினின்று துருநீர் வடியுமாயின், உட்கலம் பொத்துவிட்டது. பற்றவைப்பு அதற்கு மருந்தாகாது. புதியது வாங்குதலே வழி.

இந்நிலை வாராமற் காப்பது, எஃகுக் கலங்களினுள் வைக்கப்படும் மக்னீசியக் கோலாகும். இரும்பு துருப்பிடியாதிருக்க, அது தானே சிறிது சிறிதாகக் கரைகிறது. அது முற்றும் கரைந்தபின் கலத்துக்குக் காவலில்லை. இனி, கடின நீரின் இயல்பையும் அறிதல் வேண்டும். குடிநீருக்கு இந்திய அளவுகோல் ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீரில்லாவிடத்து 600 வரை பொறுக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானதாயின், காயிலின்மீது சுண்ணப் படிவு ஏறும், வால்வும் அடைபடும். ஆண்டுக்கொருமுறை கலத்தைத் திறப்பித்துப் படிவை நீக்கி, கோலையும் பார்த்தல் நலம்.

கலம் வீட்டுக்காரருடையது, அதனடியில் நின்று நீராடுவோர் குடியிருப்போர். ஆதலின் ஒழுக்கு எவ்விடத்ததென்று அறிந்து அவரிடம் தெளிவாக உரைத்தல் வேண்டும். அதுகாறும் சுவிட்சை நிறுத்தி வைப்பதே அறிவுடைமை.