அத்திக் குச்சிகள் வேர்விட வெப்பமும் ஈரப்பதமும்

சீமை அத்தியைத் தண்டுக் குச்சிகள் மூலம் எளிதில் பெருக்கலாம். ஆயினும், “பத்து நாளில் துளிர்த்தது, ஒரு மாதத்திற்குள் கருகிவிட்டது” என்று பலர் வருந்துவதுண்டு. இதற்குக் காரணம் என்ன?

குச்சியில் சேர்ந்துள்ள மாவுச்சத்தைக் கொண்டே முதல் துளிர் வருகிறது. அது வேர் வந்ததற்கு அடையாளம் அன்று. இலை வழியே நீர் ஆவியாகிறது. உறிஞ்சித் தர வேர் இல்லை. சூடும் வறண்ட காற்றும் சேர்ந்தால் துளிர் வாடிவிடும். எனவே வேர்விடும் வரை குச்சியைக் காப்பதே நமது வேலை.

காலம்

திருச்சி வட்டாரத்திற்கு மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தாண்டும். ஆடிக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். இக்காலங்களைத் தவிர்க்கவும்.

குச்சியும் கலவையும்

முற்றிய, பென்சில் பருமனுள்ள, 4 அல்லது 5 கணுக்கள் கொண்ட 20 முதல் 25 செ.மீ. நீளக் குச்சிகளைத் தேர்ந்தெடுக்கவும். வெட்டுவாயில் பால் வடிந்து நின்றபின், மணலும் மக்கிய தென்னை நார்க்கழிவும் சம அளவு கலந்து நிரப்பிய, அடியில் துளையிட்ட பைகளில் மூன்றில் இரண்டு பங்கு புதையுமாறு நடவும். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். நீர் சொட்டினால் குச்சி அழுகும்.

வெப்பம்

கலவையின் வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை இருப்பது நன்று. மூங்கில் பிளாச்சுகளை வளைத்துப் பாலித்தீன் தாள் மூடிய கூடாரத்தைத் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் அமைக்கவும். வெயிலில் வைத்தால் உள்ளே அனல் தேங்கும். பிற்பகல் 2 மணிக்கு உள்வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் இருமுனைகளிலும் தாளைத் தூக்கி, பந்தலின் தரையில் நீர் தெளிக்கவும். வெயிலில் கிடக்கும் குழாயில் முதலில் வரும் சுடுநீரைக் குச்சிகளுக்கு விடக் கூடாது.

ஈரப்பதம்

கூடாரத்திற்குள் 80 முதல் 90 சதவிகித ஈரப்பதம் தேவை. இதை அறிய, ஒரே மாதிரியான இரு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றி, இரண்டையும் சற்று விசிறிவிட்டுப் பார்க்கவும். வெப்பம் 28 டிகிரி அளவில் இருக்கும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1.5 முதல் 3 டிகிரிக்குள் இருந்தால் ஈரப்பதம் சரியானது. வேறுபாடு கூடினால் தாளின் உட்புறம் நீரைப் புகைபோல் தெளிக்கவும். பைகளுக்குக் கூடுதல் நீர் விட வேண்டாம்.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தோப்புகளின் நிழலில் ஈரம் எளிதில் தங்கும். அங்கே அழுகலுக்கு அஞ்சி, நாள்தோறும் காலையில் சிறிது நேரம் காற்றோட்டம் தரவும். மணப்பாறை போன்ற வறண்ட பகுதிகளில் காற்று வீசும் பக்கம் கீற்றுத் தட்டி கட்டவும்.

வேர்விட்ட பின்

நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர்கள் பையின் ஓரத்தில் தெரியும். அதுவரை குச்சியை இழுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு பத்து நாட்களில் தாளைச் சிறிது சிறிதாக அகற்றி, கன்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்கவும். ஒரே நாளில் திறந்தால் உழைப்பெல்லாம் வீணாகும். துளிரைக் கண்டு மகிழ்வதோடு, வேரைக் காணும் வரை பொறுத்திருந்தால் நல்ல கன்றுகளைப் பெறலாம்.