வாசல்படி எங்கே போயிற்று?

உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படிகள் இருக்கின்றன? சிரிக்காதீர்கள், எழுந்து போய் எண்ணிவிட்டு வாருங்கள். பிறகு, வீடு கட்டிய நாளில் எத்தனை படிகள் இருந்தன என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள்.

சென்னையின் பழைய பேட்டைகளில் இந்தக் கேள்விக்கு வேடிக்கையான பதில்கள் கிடைக்கும். "அப்பா காலத்தில் மூன்று படி ஏறி உள்ளே போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம்" என்பார்கள். வீடு பூமிக்குள் புதையவில்லை. தெருதான் மேலே ஏறி வந்துவிட்டது!

கணக்கு மிகவும் சுலபம். பழைய தாரை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால், ஒரு தடவைக்கு 2 அங்குலம் உயரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 தடவை போட்டால் ஓர் அடி. ஒரு படியின் உயரம் சுமார் 6 அங்குலம். ஆக, 2 படிகள் ஸ்வாஹா! அதன் பிறகு மழைத் தண்ணீருக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை. இப்படித் தாழ்ந்துபோன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குவதே சென்னையில் ஒரு தனித் தொழிலாக நடக்கிறது.

இதற்கு மருந்து, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கே புதுத் தார் போடுவது. காண்டிராக்டர்கள் இதை 'மில்லிங்' என்பார்கள். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார்.

தெரு சர்க்காருடையது. ஆனால் காம்பவுண்டுக்குள் இருக்கும் சாலை? அது உங்களுடையது; செலவும் உங்களுடையதுதான்.

கூட்டத்தில் ஒரு குரல்

ஒரு காலனியைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று மாடிக் கட்டடங்கள். நடுவே குண்டும் குழியுமாக ஒரு தார்ச் சாலை. சங்கக் கூட்டத்தில் காரியதரிசி இரண்டு கொட்டேஷன்களைப் படிக்கிறார். ஒன்று, சுரண்டிவிட்டுப் போடுவதற்கு. மற்றது, மேலேயே போட்டுவிடுவதற்கு. இரண்டாவது வெகு மலிவு.

"இதிலென்ன யோசனை, ஸார்? மலிவானதையே முடித்துவிடுங்கள்" என்கிறார் மூன்றாம் மாடிக்காரர்.

கீழ் வீட்டுப் பாட்டியம்மா மெதுவாக எழுந்திருக்கிறாள். "ஏன் தம்பி, ரோடு எவ்வளவு உயரும்?"

"இரண்டே அங்குலம்தான், பாட்டி."

"என் வாசல்படி மூன்று அங்குலம்தானே இருக்கிறது!"

கூட்டம் மௌனமாகிவிடுகிறது.

மூன்றாம் மாடிக்காரருக்கு ஒரு வார்த்தை. லிப்டின் அடிக்குழி எங்கே இருக்கிறது? மின்சார மீட்டர் பலகை எங்கே? எல்லாருக்கும் தண்ணீர் தரும் நிலத்தடித் தொட்டியின் வாய் எங்கே? எல்லாம் கீழேதான். பாட்டியம்மா வீட்டில் நுழைகிற சாக்கடைத் தண்ணீர், தொட்டிக்குள்ளும் இறங்கினால், மறுநாள் காலையில் மூன்றாம் மாடிக் குழாயில்தான் வந்து நிற்கும்.

காசு எங்கே போகிறது?

சரி, சுரண்டுவதற்கு ஏன் அவ்வளவு பணம்? யந்திரத்தைப் பாருங்கள். அதன் வயிற்றில் ஓர் உருளை. உருளையைச் சுற்றிலும் கடினமான டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பற்கள். உருளை சுழன்று தாரைக் கொத்தி எடுக்கிறது. சூடு தணியவும் தூசி அடங்கவும் தண்ணீர் தெளிக்கிறது. பெரிய யந்திரமானால், பெயர்த்ததை ஒரு பட்டை வழியாக லாரியில் தானே கொட்டிவிடுகிறது. பற்கள் தேயத் தேய மாற்ற வேண்டும். ஆகவே டீசல், பற்கள், ஆள், லாரி எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

அந்த விலை கூடுவதும் குறைவதும் சில விஷயங்களைப் பொறுத்தது.

முதலாவது, யந்திரம் வந்துபோகும் செலவு. அதைத் தனி டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். 300 சதுர அடியானாலும் 30,000 சதுர அடியானாலும் அந்தச் செலவு ஒன்றே. கணக்குக்காக அதை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலாமவருக்குச் சதுர அடிக்கு 100 ரூபாய் விழுகிறது. இரண்டாமவருக்கு ஒரே ஒரு ரூபாய்! அதனால்தான் சின்ன இடத்துக்கு விலை கடிக்கிறது. பக்கத்துக் காலனியும் சாலை போட உத்தேசித்திருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நாளில் யந்திரத்தை வரவழையுங்கள்.

இரண்டாவது, ஆழம். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று மட்டும் சொல்கிற கொட்டேஷன் அரைக் கொட்டேஷன். எத்தனை அங்குலத்துக்கு என்று எழுதி வாங்குங்கள். ஓர் அங்குலத்தைச் சுரண்டி 2 அங்குலம் போட்டால், பாட்டியம்மாவுக்கு ஓர் அங்குலம் நஷ்டம்தான்.

மூன்றாவது, பெயர்த்ததை அகற்றுவது. 200 அடி நீளம், 16 அடி அகலமுள்ள சாலையில் 2 அங்குலம் சுரண்டினால் சுமார் 530 கன அடி வரும். கெட்டியான தார்க் கலவை ஒரு கன மீட்டர் 2.3 டன்னுக்கு மேல் எடை. ஆகவே மொத்தம் சுமார் 35 டன்! லாரிக்கு 10 டன் என்றால் நாலு நடை. ஆனால் இது குப்பை அல்ல. ஜல்லியும், நூற்றுக்கு நாலைந்து பங்கு தாரும் அதில் இருக்கின்றன. சூடாக்கிப் புதுக் கலவையில் சேர்க்கலாம். பாதைக்கு அடித்தளமாகவும் போடலாம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து தார் விலை ஏறியபோதுதான் மேல் நாடுகளில் இதன் அருமை நன்றாகத் தெரிந்தது. ஆகவே அதைக் காண்டிராக்டர் எடுத்துக்கொள்வதானால், "எவ்வளவு கழித்துக்கொள்வீர்கள்?" என்று கேட்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

நாலாவது, இடைஞ்சல்கள். சாக்கடை மூடிகள், தண்ணீர் வால்வுகள், சுவரோரம், வளைவு ஆகிய இடங்களில் பெரிய யந்திரம் நெருங்க முடியாது. சின்ன யந்திரமோ கைக் கருவியோதான் வேண்டும். அங்கே கூலி அதிகம்.

ஜாக்கிரதை!

யந்திரத்தை உள்ளே விடுவதற்கு முன்னால் இரண்டு காரியங்கள் அவசியம்.

பெரிய யந்திரங்கள் 20, 30 டன் எடையுள்ளவை. உங்கள் சாலைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியோ கழிவுநீர்த் தொட்டியோ இருந்தால், அதன் மூடுபலகை அந்தப் பாரத்தைத் தாங்குமா? பொறியாளரைக் கேட்காமல் விடாதீர்கள். ஆழமின்றிப் புதைத்த மின்சாரக் கம்பிகளும் குழாய்களும் எங்கே போகின்றன என்று தரையில் சுண்ணாம்பால் குறித்துவையுங்கள். ஒரு குழாய் அறுந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

அடுத்தது, இரண்டு மூன்று இடங்களில் சிறு குழி தோண்டி, தார் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று பாருங்கள். பல காலனிகளில் ஓர் அங்குலம்கூட இருக்காது! அங்கே 2 அங்குலம் சுரண்டினால் அடித்தளத்து ஜல்லியைத்தான் குதறும். அடித்தளமே நொறுங்கிக் கிடந்தால் மில்லிங் வீண் செலவு. முழுவதையும் தோண்டி, புதிதாக அடித்தளம் போடுவதே நல்லது.

எல்லா இடத்திலும் சுரண்டித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. வாசல்கள் உயரமாக இருந்து, தண்ணீர் ஒழுங்காக வடிந்து, சாலையின் அடித்தளம் உறுதியாக இருந்தால், ஓரங்களிலும் கேட்டுப் பக்கத்திலும் சாக்கடை மூடிகளைச் சுற்றியும் மட்டும் சரிவாகச் சுரண்டினால் போதும். நடுவே மேலாகப் போடலாம். இதனால் சதுர அடிகள் குறையும்; செலவும் குறையும். ஆனால் உங்கள் வாசல்படி பாட்டியம்மாவின் வாசல்படியைப் போல இருந்தால், இந்தச் சிக்கனம் உங்களுக்கு ஆகாது.

வேலை நடக்கிற நாளையும் கவனியுங்கள். சுரண்டிய தரையை மழைக்கும் வண்டிகளுக்கும் பல நாள் திறந்து போட்டுவைக்கக் கூடாது. தூசியை நன்றாகப் பெருக்கி, பிடிப்புக்காக மெல்லிய தார்ப்பூச்சு அடித்த பிறகுதான் புதுக் கலவையைக் கொட்ட வேண்டும். பெருக்குவது யார், பூச்சு யார் பொறுப்பு என்பதும் கொட்டேஷனில் இருக்கட்டும்.

ஒரு கோடு போதும்

கடைசியாக, காலணாச் செலவில்லாத ஒரு யுக்தி. வேலை ஆரம்பிக்கும் முன், காம்பவுண்டுச் சுவரில் நாலைந்து இடங்களில், சாலையிலிருந்து சரியாக 3 அடி உயரத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். சுரண்டி முடித்ததும் அளந்து பாருங்கள். 2 அங்குலம் சொல்லியிருந்தால் 3 அடி 2 அங்குலம் வர வேண்டும். புதுத் தார் போட்டு உருளை ஓட்டிய பிறகு மறுபடியும் அளந்தால், பழையபடி 3 அடி இருக்க வேண்டும். இரண்டு அளவும் சரியாக இருந்தால் மட்டும் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். இந்த நிபந்தனையையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

நம் காலனிக் கூட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? லிப்டுக் குழியின் ஞாபகம் வந்ததும் மூன்றாம் மாடிக்காரர், "சுரண்டியே போட்டுவிடலாம், ஸார். செலவை எல்லாரும் சமமாகப் பகிர்ந்துகொள்வோம்" என்றுவிட்டார். பாட்டியம்மாவின் மூன்று அங்குலமும் பிழைத்தது.

நீங்களும் அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு தடவை உங்கள் வாசல்படிகளை எண்ணிக்கொண்டு போங்கள்.