நோயாளி இருக்கும் இல்லத்தில் கிறிஸ்துமஸ் அலங்காரம்

“வீட்டில் நோயாளி இருக்கிறார், இந்த ஆண்டு குடிலும் விண்மீனும் வேண்டாமா, டாக்டர்?” என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. வேண்டும் என்பதே எங்கள் பதில்; சிறிது கவனம் போதும்.

திருவருகைக் காலம், விழாவிற்கு முந்தைய நான்காவது ஞாயிறன்றே தொடங்குகிறது. ஆகவே, கடைசி நாள் அவசரமின்றிச் சிறிது சிறிதாக அலங்கரியுங்கள்.

பரணிலிருந்து இறக்கும் பெட்டியை வெளியே வைத்துத் திறந்து, பொருள்களை ஈரத்துணியால் துடைத்த பின் உள்ளே கொண்டு வாருங்கள். ஓராண்டுத் தூசியும் பூஞ்சையும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். ஊதுபத்தியையும் நறுமண மெழுகுவர்த்தியையும் தவிருங்கள். கீமோதெரபி பெறுவோர் குடிலுக்கான வைக்கோலையும் மண்ணையும் தொட வேண்டாம். அவற்றில் பூஞ்சை வித்துகள் இருக்கலாம்.

ஆக்சிஜன் பெறுபவர் உள்ள வீட்டில் மெழுகுவர்த்தியே ஏற்றாதீர்கள். ஆக்சிஜன் தானே எரியாது. ஆனால் துணியிலும் முடியிலும் பற்றும் தீயை நொடியில் பெருக்கிவிடும். எல்.இ.டி. விளக்குகள் போதும், அவற்றின் ஒயர் நடைவழியில் கிடக்கலாகாது.

விண்மீனை எங்கே தொங்கவிடலாம் என்று நோயாளியிடமே கேளுங்கள். படுக்கையிலிருந்து அவர் கண்ணில் படும் இடமே அதற்கு ஏற்ற இடம்.