சிமென்ட் ரூமுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா?

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டுக்கான பதில். அனுப்பினது அரியலூர்ல வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் பண்ற ஒரு தம்பி. "அண்ணா, என் ஸ்பீக்கர்ல எல்லாமே சரியாத்தான் இருக்கு. பார்ட்டி வீட்டு டிவில போட்டா நாதஸ்வரம் காதைக் குத்துதுன்னு திருப்பி அனுப்பிடுறாங்க. இந்த மாசம் ரெண்டு ஆர்டர் திரும்ப வந்துடுச்சு. எட்டாயிரம் சேர்த்து வச்சிருக்கேன், பெரிய சப்-ஊஃபர் செட் வாங்கிடட்டுமா?" அப்படின்னு கேக்குறார்.

வேண்டாம் தம்பி. இப்போ உங்ககிட்ட இருக்கிற செட்லயே அடி சத்தம் அதிகம்னு நினைக்கிறேன். அது மத்த சத்தத்தை மூடுறதால, எடிட்டிங்ல நீங்க மேல் சத்தத்தை ஏத்தி விடுறீங்க. டிவில அந்த 'தொம் தொம்' கிடையாது, ஏத்தின மேல் சத்தம் மட்டும் மிச்சம். இன்னும் பெரிய சப்-ஊஃபர் வாங்கினா இன்னும் ஏத்துவீங்க.

முதல்ல அட்டைப்பெட்டியில் இருக்கிற எண்ணைப் பார்ப்போம். 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்ஸ்'னு போட்டிருந்தா அதைப் படிக்கவே வேண்டாம். அந்த அளவுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட கணக்கு எதுவும் கிடையாது, கம்பெனி இஷ்டத்துக்குப் போட்டுக்கலாம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ்.னு போட்டிருக்கிற எண். அதிலும் சந்தேகம் வந்தா அடாப்டரைத் திருப்பிப் பாருங்க. 12 வோல்ட், 1 ஆம்பியர்னு எழுதியிருந்தா உள்ளே போறதே 12 வாட்ஸ்தான், அதைவிடக் கூடுதலா தொடர்ந்து வெளியே வர வழியே இல்லை. சாதாரண பழைய யு.எஸ்.பி. போர்ட் தர்றது வெறும் 2.5 வாட்ஸ்.

ஆனா மேசைக்கு நிறைய வாட்ஸ் தேவையும் இல்லை. பவரை ரெண்டு மடங்கு ஆக்கினா கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா கிட்டத்தட்ட பத்து மடங்கு பவர் வேணும். ஸ்பீக்கர் ரெண்டு, மூணு அடி தூரத்தில் இருக்கும்போது 10 வாட்ஸ் நல்லாவே போதும். ஊர்ல அசெம்பிள் பண்ணித் தர்ற ஆம்ப்ளிஃபையர் செட்டை நான் குறை சொல்லல. ஹாலுக்கும் பொங்கலுக்கும் அதை அடிச்சுக்க ஆளில்லை. எடிட்டிங் மேசைக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

அடுத்தது ரூம். யாரும் யோசிக்காத விஷயம் இதுதான், எனக்கு முக்கியமாப் படுறதும் இதுதான். அரியலூர் சுண்ணாம்புக்கல் ஊர், சிமென்ட் ஊர். வீடும் அப்படியே: பூசின சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. இந்த மாதிரிப் பரப்பில் படுற சத்தத்தில் நூத்துக்கு ரெண்டு மூணு பங்கு மட்டும் உள்ளே போகும், மிச்சமெல்லாம் திரும்பி வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் சாமானே இல்லாத ரூம்னா, கணக்குப்படி ஒரு கைதட்டல் முழுசா அடங்கவே ரெண்டு நொடிக்கு மேல ஆகும். நீங்க கேக்குறது பாதி ஸ்பீக்கரை, பாதி சுவரை.

இந்தக் கணக்குக்கு ஒரு கதை உண்டு. 1895ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபாக் விரிவுரை மண்டபம் கட்டினாங்க. பேசுறது யாருக்கும் புரியல. எதிரொலி ஐந்தரை நொடி நின்னுது. வாலஸ் சபைன் என்கிற இயற்பியல் ஆசிரியர், ராத்திரி நேரத்தில் பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து, ஒவ்வொண்ணா வச்சு வச்சு அளந்து பார்த்தார். ரூமோட கன அளவு, அதிலிருக்கிற உறிஞ்சும் பொருள், எதிரொலி நேரம், இந்த மூணுக்கும் உள்ள சூத்திரம் அப்படித்தான் கிடைச்சது.

நமக்கும் வைத்தியம் அதே மெத்தைதான். பெரம்பலூர் பக்கம் பருத்தி விளையுற பூமி, பஞ்சு மெத்தை நமக்குப் புதுசில்லை. கனமான ஒரு பஞ்சு மெத்தை, துணி நிறைஞ்ச கொடி, தரைக்கு ஜமக்காளம் இருந்தா அதே ரூம்ல எதிரொலி ஒரு நொடிக்குக் கீழே வந்துடும். அடி சத்தத்தை மட்டும் இது பெருசா தொடாது. அதுக்கு ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடுக்கணும். மூலையில் வச்சா ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடி சத்தத்தை ஊதிப் பெருசாக்கும். மேசையைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டு, ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சம முக்கோணமா இருக்கிற மாதிரி, ட்வீட்டர் காது உயரத்துக்கு வர்ற மாதிரி வைங்க. அடியில் கொடுக்க ரெண்டு தடிப் புத்தகம் போதும். இதுக்கெல்லாம் பத்து பைசா செலவில்லை, அதனால வாங்குறதுக்கு முன்னாடியே செஞ்சு பாருங்க.

இனி வாங்குறது. எடிட்டிங்னா சப்-ஊஃபர் இல்லாத ரெண்டு பெட்டி செட். உதாரணத்துக்கு எடிஃபையர் ஆர்1280டி: 4 இன்ச் ஊஃபர், தனி ட்வீட்டர், ரெண்டும் சேர்த்து 42 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். விலை மாறிட்டே இருக்கும், வாங்குற அன்னைக்குப் பார்த்துக்கோங்க. பாட்டும் படமும் மட்டும்தான்னா கிரியேட்டிவ் பெப்பிள் மாதிரி 2 இன்ச் ஸ்பீக்கர் போதும். அது 4.4 வாட்ஸ்தான், ஆனா மேலே பார்த்துச் சாய்ஞ்சிருக்கிறதால சத்தம் நேரா காதுக்கு வரும். தவிலோட அடிச்சத்தம் மட்டும் அதில் எதிர்பார்க்காதீங்க.

கடையில் டெமோ பாட்டு கேக்காதீங்க. நீங்க நூறு தடவை கேட்ட பாட்டையும், தெரிஞ்சவர் ஒருத்தர் பேசின ரெக்கார்டிங்கையும் போன்ல கொண்டு போங்க. தெரிஞ்ச குரல் மூக்கடைச்ச மாதிரியோ பானைக்குள்ளிருந்து பேசுற மாதிரியோ வந்தா, அந்த செட்டை அங்கேயே விட்டுட்டு வாங்க. அரியலூரிலிருந்து ரயிலேறித் திருச்சிக்குப் போய் வாங்குறவங்க, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள்னு பில் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. உண்மையான சோதனை உங்க ரூம்லதான் நடக்கப் போகுது.

கடைசியா, லேப்டாப்புக்கு சார்ஜர் போட்டதும் ஸ்பீக்கர்ல 'உய்ய்ங்'னு வருதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. பல நேரம் அது எர்த் பிரச்சினை, ஸ்பீக்கர் கெட்டுப் போகல. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகிப் பாருங்க. அப்பவும் நிக்கலைன்னா ப்ளூடூத்ல போட்டுப் பாருங்க. அந்த மூணாவது பின்னை மட்டும் வெட்டிடாதீங்க, உங்களுக்கு ஷாக் அடிக்காம காப்பாத்துறது அதுதான்.